நிற்காத வலிப்பு: மருந்து ஏன் தோற்கிறது, யார் மீள்கிறார்கள்?

வலிப்பு வந்தால் பெரும்பாலும் ஒன்றிரண்டு நிமிடங்களில் தானாகவே நின்றுவிடும். கையில் சாவிக்கொத்தைத் திணித்தவர்கள் அதனால்தான் நின்றது என்று நம்புவதற்கும் இதுவே காரணம். சாவி இல்லாவிட்டாலும் அது நின்றிருக்கும். ஆபத்து நிற்காமல் போகும் வலிப்பில்தான் இருக்கிறது. ஐந்து நிமிடம் தாண்டியும் கைகால் உதறிக்கொண்டே இருந்தாலோ, நினைவு திரும்புவதற்குள் அடுத்தடுத்து வந்துகொண்டே இருந்தாலோ அது தொடர் வலிப்பு. மருத்துவமனையில் 'ஸ்டேட்டஸ்' என்று சுருக்கிச் சொல்வார்கள்.

ஒரு காலத்தில் 30 நிமிடம் ஆனால்தான் இந்தப் பெயர். சர்வதேச வலிப்பு எதிர்ப்புச் சங்கம் 2015-ல் வெளியிட்ட வரையறை இரண்டு நேரங்களைப் பிரித்துச் சொல்கிறது. உடல் முழுவதும் உதறும் வகையில், 5 நிமிடம் ஆகிவிட்டால் அது தானாக நிற்கும் வாய்ப்பு குறைவு, அதனால் சிகிச்சையைத் தொடங்கிவிட வேண்டும். 30 நிமிடம் ஆகிவிட்டால் மூளைக்கு நிரந்தரச் சேதம் வரக்கூடும். இந்த இரண்டாவது நேரத்துக்குப் பின்னால் பழைய குரங்கு ஆய்வுகள் இருக்கின்றன. 1973-ல் பிரையன் மெல்ட்ரமும் அவருடைய சக ஆய்வாளர்களும் பபூன் குரங்குகளில் நீண்ட வலிப்பைத் தூண்டிப் பார்த்தார்கள். தசைகளைச் செயலிழக்கச் செய்து, மூச்சைக் கருவியால் சீராக வைத்திருந்தபோதும் நினைவாற்றலுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் பகுதியில் நரம்பணுக்கள் செத்தன. உதறும் உடல், எகிறும் காய்ச்சல், ஆக்சிஜன் குறைவு ஆகியவை சேதத்தைக் கூட்டுகின்றன. ஆனால் மூளையில் ஓடும் மின்புயல் மட்டுமே போதும், அணுக்களைக் கொல்ல.

இங்கே ஒரு குழப்பத்தை விலக்கிவிட வேண்டும். வருடக்கணக்காக இரண்டு மூன்று மாத்திரை சாப்பிட்டும் அவ்வப்போது வலிப்பு வருகிறது என்றால் அது மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு நோய். அது தனிக் கதை. நாம் பேசுவது, அந்த நேரத்தில், அந்தக் கட்டிலில், ஊசி மருந்துகளுக்கு அடங்காமல் ஓடிக்கொண்டிருக்கும் வலிப்பு. முதல் வரிசை மருந்தும் இரண்டாம் வரிசை மருந்தும் போதுமான அளவில் கொடுத்த பிறகும் நிற்கவில்லை என்றால் அது அடங்காத தொடர் வலிப்பு. மயக்க மருந்து கொடுத்துக் கோமாவில் வைத்து 24 மணி நேரம் கழிந்தும் தொடர்ந்தாலோ, மயக்கத்தைக் குறைத்ததும் திரும்ப வந்தாலோ அது அதைவிட ஒரு படி மேலே போன, மிகக் கடுமையான நிலை. இந்த நிலைக்குப் போகிறவர்களில் பலருக்கு முன்பு ஒரு முறைகூட வலிப்பு வந்திருக்காது என்பது பலரும் எதிர்பார்க்காத விஷயம்.

சரி, மருந்து ஏன் தோற்கிறது? இந்த மருந்துக்கு இவர் உடம்பு கேட்காது என்று வீட்டார் நினைத்துக்கொள்வார்கள். நடப்பது பெரும்பாலும் வேறு. கேட்டிருக்கக்கூடிய மூளையை வலிப்பே கேட்காத மூளையாக மாற்றிவிடுகிறது.

நரம்பணுக்களின் துடிப்பைத் தணிக்கும் பிரேக் என்று 'காபா' என்ற வேதிப்பொருளைச் சொல்லலாம். அது அணுவின் மேற்பரப்பில் இருக்கும் ஏற்பிகளில் போய் உட்கார்ந்தால்தான் வேலை செய்யும். லோராசிபாம், மிடாசோலாம், டயசிபாம் போன்ற முதல் வரிசை மருந்துகள் அதே ஏற்பிகள் வழியாகத்தான் செயல்படுகின்றன. வலிப்பு நீள நீள நரம்பணு இந்த ஏற்பிகளை மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. அதே சமயம், துடிப்பைத் தூண்டிவிடும் குளூட்டமேட் வகை ஏற்பிகள் மேலே வருகின்றன. எலிகளில் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். 1997-ல் ஜெய்தீப் கபூரும் ராபர்ட் மெக்டொனால்டும் வெளியிட்ட ஆய்வில், வலிப்பு தொடங்கி 10 நிமிடத்தில் டயசிபாம் கொடுத்தால் நின்ற வலிப்பை 45 நிமிடம் கழித்து நிறுத்த ஏறக்குறைய பத்து மடங்கு அளவு தேவைப்பட்டது. மருந்து அதேதான், வலிப்பு அதேதான், இடையில் கழிந்தது 35 நிமிடம்.

மனிதர்களிடமும் இதன் சாயல் தெரிகிறது. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் நடந்து 1998-ல் வெளியான பெரிய ஆய்வில், வெளிப்படையாக உதறும் தொடர் வலிப்பை முதல் மருந்து சுமார் 55 சதவீதம் பேரிடம் நிறுத்தியது. அதில் தோற்றவர்களுக்கு இரண்டாவது மருந்து கொடுத்தபோது கூடுதலாக நின்றது 7 சதவீதம். மூன்றாவதில் 2 சதவீதத்துக்குச் சற்று மேல். மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டு பார்க்கலாம் என்ற நிதானம் இந்த நோயில் எவ்வளவு விலை கேட்கும் என்பதை இந்த மூன்று எண்களே சொல்லிவிடுகின்றன.

முதல் ஊசி சீக்கிரம் போக வேண்டும், முழு அளவில் போக வேண்டும் என்பதில் இன்று கருத்து வேறுபாடு இல்லை. நடைமுறையில்தான் இடிக்கிறது. மூச்சு நின்றுவிடுமோ என்ற பயத்தில் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்ப்பது உலகம் முழுக்க இருக்கும் பழக்கம். இந்தப் பயத்துக்குப் பதில் 2001-லேயே வந்துவிட்டது. சான் பிரான்சிஸ்கோவில் ஆம்புலன்ஸ் ஊழியர்கள் லோராசிபாம், டயசிபாம், மருந்தில்லாத வெறும் திரவம் என மூன்றில் ஒன்றைக் கொடுத்த ஆய்வில், மூச்சும் இரத்த ஓட்டமும் பாதிக்கப்பட்டது மருந்து பெற்றவர்களில் சுமார் 10 சதவீதம். வெறும் திரவம் பெற்றவர்களில் 22 சதவீதத்துக்கு மேல். மூச்சுக்கு மருந்தைவிட வலிப்புதான் பெரிய எதிரி என்பது அதில் தெளிவானது. இருந்தும் பழக்கம் மாறவில்லை. பின்னால் வந்த பெரிய ஆய்வுகளிலும் பெரும்பாலான நோயாளிகளுக்கு முதல் மருந்து பரிந்துரைத்த அளவைவிடக் குறைவாகவே போயிருந்தது. என் கணிப்பில், 'மருந்துக்கு அடங்காதது' என்று பதிவேட்டில் ஏறும் வலிப்புகளில் ஒரு பங்கு, போதுமான மருந்தைச் சந்திக்காமலேயே அந்தப் பெயரை வாங்கியவை.

உதறும் கையில் நரம்பைத் தேடிக்கொண்டிருப்பதும் நேரத்தைத் தின்னும். 2012-ல் வெளியான ராம்பார்ட் ஆய்வு இதற்கு ஒரு வழி காட்டியது. தொடைத் தசையில் மிடாசோலாம் ஊசி போட்டவர்களில் 73 சதவீதம் பேருக்கு மருத்துவமனை வாசலை அடைவதற்குள் வலிப்பு நின்றிருந்தது. நரம்பு வழியாக லோராசிபாம் பெற்றவர்களில் அது 63 சதவீதம். நரம்பு வழி மருந்து உள்ளே போனதும் வேகமாக வேலை செய்யும். ஆனால் உள்ளே போவதற்கே நேரமாகிவிடும். தசை ஊசி அந்த வித்தியாசத்தில் ஜெயித்தது. வீட்டில் இருப்பவர்கள் பயன்படுத்த மூக்கில் அடிக்கும் மிடாசோலாம் ஸ்பிரே நம் ஊரிலும் கிடைக்கிறது. ஏற்கெனவே வலிப்பு உள்ளவர் வீட்டில் அது இருக்க வேண்டுமா, எத்தனை முறை அடிக்க வேண்டும் என்பதை எடையைப் பார்த்து மருத்துவர் எழுதித்தர வேண்டும்.

முதல் மருந்தில் நிற்காவிட்டால் அடுத்தது ஃபெனிட்டாயின் வகை, வால்ப்ரோயேட், லெவெடிராசிட்டாம் என்ற மூன்றில் ஒன்று. எது சிறந்தது என்பதில் நெடுநாள் வாதம் இருந்தது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் 2015-ல் 150 பேரை மூன்று குழுவாகப் பிரித்துப் பார்த்தார்கள். லெவெடிராசிட்டாம் 78 சதவீதம், மற்ற இரண்டும் தலா 68 சதவீதம். வித்தியாசம் இருப்பதுபோலத் தெரிந்தாலும் புள்ளியியல்படி உறுதியானதாக இல்லை. வாதத்தை முடித்து வைத்தது 2019-ல் வந்த அமெரிக்க ஆய்வு. எலி ஆய்வைச் செய்த அதே ஜெய்தீப் கபூர்தான் இதற்கும் தலைமை. யாருக்கு எந்த மருந்து போகிறது என்று மருத்துவருக்கே தெரியாமல் 384 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு மணி நேரத்தில் வலிப்பு நின்று நினைவு தெளியத் தொடங்கியவர்கள் லெவெடிராசிட்டாமில் 47, ஃபெனிட்டாயின் வகையில் 45, வால்ப்ரோயேட்டில் 46 சதவீதம். மூன்றும் ஒன்றே. ஆகவே கையில் இருப்பதை, முழு அளவில், உடனே. தேர்வு செய்வது பக்கவிளைவை வைத்துத்தான். ஃபெனிட்டாயின் விலை குறைவு, ஆனால் வேகமாக ஏற்றினால் இரத்த அழுத்தம் சரியும், இதயத் துடிப்பு தடுமாறும். கல்லீரல் கெட்டவர்களுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் வால்ப்ரோயேட்டைத் தவிர்ப்பார்கள்.

அதே ஆய்வில் இன்னொரு தகவலும் இருந்தது. சேர்க்கப்பட்டவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இருந்தது மூளை மின்னோட்டத்தில் எழும் வலிப்பே அல்ல. மன அழுத்தத்தில் எழும், பார்வைக்கு அச்சு அசலாக வலிப்பு போலவே இருக்கும் நிலை அது. அது நடிப்பும் அல்ல. ஆனால் அதற்கு வலிப்பு மருந்து வேலை செய்யாது. மருந்து மேல் மருந்தாகப் போட்டு, கடைசியில் வென்டிலேட்டர் வரை கொண்டுபோய் விட்ட சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் உண்டு. 'எந்த மருந்துக்கும் அடங்கவில்லை' என்னும்போது இந்தக் கேள்வியையும் கேட்டாக வேண்டும்.

நேரெதிரான ஏமாற்றமும் இருக்கிறது. உதறல் நின்றுவிடும், வீட்டார் பெருமூச்சு விடுவார்கள், ஆனால் நோயாளி கண் திறக்க மாட்டார். 1998-ல் ராபர்ட் டெலாரென்சோ குழு, உதறல் நின்ற 164 பேருக்கு மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் இ.இ.ஜி.யைக் கழற்றாமல் 24 மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தது. 48 சதவீதம் பேரின் மூளையில் வலிப்பு அலைகள் தொடர்ந்து தெரிந்தன. 14 சதவீதம் பேர் வெளியே எந்த அசைவும் இல்லாமல் தொடர் வலிப்பிலேயே இருந்தார்கள். அதனால் உதறல் நின்று சிறிது நேரத்தில் நினைவு தெளியத் தொடங்கவில்லை என்றால் இ.இ.ஜி. எடுப்பது கட்டாயம். தொடர்ந்து ஓடும் இ.இ.ஜி. எல்லா ஊர் ஐ.சி.யூ.விலும் இல்லை. 20 நிமிடப் பதிவையாவது திரும்பத் திரும்ப எடுக்கலாம். வென்டிலேட்டர் போடும்போது தசை தளர்த்தும் மருந்து கொடுத்துவிட்டு, உடல் அசையவில்லை, வலிப்பு நின்றது என்று எழுதுவது மோசமான தவறு.

இரண்டாம் வரிசையும் தோற்றால் நோயாளி ஐ.சி.யூ.வில், மூச்சுக்குழாயுடன், மயக்க மருந்தில் இருப்பார். மிடாசோலாம் தொடர் சொட்டு, ப்ரோபஃபால், தயோபென்டால் ஆகியவை வழக்கமானவை. இ.இ.ஜி.யில் வலிப்பு அலைகள் அடங்கும்வரை, பல இடங்களில் மூளை அலைகள் விட்டுவிட்டுத் தெரியும் ஆழம்வரை, மயக்கத்தைக் கொண்டுபோய் 24 முதல் 48 மணி நேரம் அப்படியே வைப்பார்கள். பிறகு மெல்லக் குறைப்பார்கள். வலிப்பு திரும்பினால் மறுபடி ஆழமாக்குவார்கள். இதற்கிடையில் வழக்கமான வலிப்பு மருந்துகளை மூக்குக் குழாய் வழியாக ஏற்றிக்கொண்டே வர வேண்டும். இல்லாவிட்டால் மயக்கம் கலையும்போது தாங்கிப் பிடிக்க எதுவும் இருக்காது.

எந்த மயக்க மருந்து நல்லது? இங்கே ஆதாரம் திடீரென்று மெலிந்துவிடுகிறது. ஆண்ட்ரியா ரொசெட்டி தலைமையில் ப்ரோபஃபாலையும் தயோபென்டால் சேர்ந்த பார்பிட்டுரேட் வகையையும் ஒப்பிடத் தொடங்கிய ஆய்வுக்கு 150 பேர் தேவைப்பட்டது. மூன்று ஆண்டுகளில் சேர்ந்தது 24 பேர்தான், நிறுத்திவிட்டார்கள். ஆகவே இந்தக் கட்டத்தில் நடக்கும் சிகிச்சையில் பெரும்பகுதி அனுபவமும் அந்தந்த மருத்துவமனை வழக்கமும்தான். ஆபத்துகளோ நன்றாகத் தெரிந்தவை. ப்ரோபஃபாலை அதிக அளவில் இரண்டு நாளுக்கு மேல் ஓட்டினால் இரத்தத்தில் அமிலம் ஏறி, தசை சிதைந்து, இதயம் நின்றுபோகும் ஒரு நிலை வரலாம். தயோபென்டால் உடல் கொழுப்பில் தங்கிவிடுவதால் நிறுத்திய பிறகும் நாள்கணக்கில் மயக்கம் தெளியாது. எதைக் கொடுத்தாலும் இரத்த அழுத்தம் சரிவது, நிமோனியா, குடல் அசைவு நின்றுபோவது, காலில் இரத்தம் உறைவது எல்லாம் கூடவே வரும். ஆழ்ந்த கோமாவே சிலருக்கு வலிப்பைவிட அதிகக் கெடுதல் செய்கிறதோ என்ற சந்தேகத்தை சுவிட்சர்லாந்தின் பாசல் நகர ஆய்வு ஒன்று 2014-ல் எழுப்பியது. மோசமான நோயாளிகளுக்குத்தானே கோமா தேவைப்படுகிறது என்று எதிர்வாதமும் இருக்கிறது. உதறும் வலிப்புக்கு ஆழ்ந்த மயக்கத்தில் தயங்கக் கூடாது, அசைவில்லாமல் நினைவு மட்டும் மங்கியிருக்கும் வகையில் கொஞ்சம் பொறுத்துப் போகலாம் என்பது இன்று பல நிபுணர்களின் நடுநிலை.

அப்புறம் கீட்டமைன். மேலே சொன்ன ஏற்பிக் கதை இதற்கு நேராகப் பொருந்துகிறது. மற்றவை காபா வழியாக வேலை செய்கின்றன, வலிப்பு நீண்டால் அந்த வழி சுருங்கிவிடுகிறது. கீட்டமைன், மேலே ஏறிவந்த குளூட்டமேட் ஏற்பியை அடைக்கிறது. இரத்த அழுத்தத்தையும் அவ்வளவாகச் சாய்ப்பதில்லை. அதனால் இதை முன்கூட்டியே கொடுக்கும் போக்கு வளர்ந்து வருகிறது. தர்க்கம் அழகாக இருக்கிறது என்பதற்காக நம்பிவிடவும் முடியாது. இந்தத் துறையில் அழகான தர்க்கங்கள் தோற்ற வரலாறு உண்டு. உடலை 32 முதல் 34 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்வித்தால் மூளை காக்கப்படும் என்று பிரான்சில் 270 பேரிடம் சோதித்தார்கள். 2016-ல் வந்த முடிவில் தெளிவான பலன் இல்லை. பிரெக்சனலோன் என்ற மருந்து மிகக் கடுமையான நிலைக்கென்றே சோதிக்கப்பட்டது. 2017-ல் வந்த முடிவில் மருந்தும் வெறும் திரவமும் கிட்டத்தட்ட ஒரே எண்ணைக் காட்டின.

மருந்துகளை அடுக்குவது பாதி வேலை. வலிப்பை எது தள்ளிக்கொண்டிருக்கிறது என்று கண்டுபிடிப்பது மறுபாதி, பல நேரம் பெரிய பாதி. சர்க்கரை, சோடியம், கால்சியம் குறைவு முதல் மணி நேரத்திலேயே பார்த்துவிட வேண்டியவை. இந்தியாவில் மூளைத் தொற்று முக்கியக் காரணம்: காசநோய் மூளைக்காய்ச்சல், வைரஸ் மூளைக்காய்ச்சல், நாடாப்புழுக் கட்டி. காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோனியாசிட் மாத்திரையை அளவுக்கு மீறி விழுங்கியவருக்கு வரும் வலிப்பு வழக்கமான மருந்துகளுக்கு மசியாது, வைட்டமின் பி6 ஊசிக்கு நிற்கும். சில பச்சிளங்குழந்தைகளின் அடங்காத வலிப்புக்கும் அதே பி6 மருந்து. கர்ப்பிணிக்கு இரத்தக் கொதிப்போடு வரும் வலிப்புக்கு மெக்னீசியம் சல்பேட். காரணம் தெரிந்தால், 'எதிர்ப்பு' என்று தோன்றியது சில சமயம் ஒரே ஊசியில் கரைந்துவிடும்.

எந்தக் காரணமும் கிடைக்காமல், நல்லா இருந்த ஒருவருக்குத் திடீரென வந்து அடங்காமல் போகும் வகையும் உண்டு. குழந்தைகளில் இது பெரும்பாலும் ஒரு சாதாரணக் காய்ச்சல் தொடங்கி ஒரு நாள் முதல் இரண்டு வாரத்துக்குள் வருகிறது. உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு மூளைக்கு எதிராகத் திரும்புவதும் கட்டுக்கடங்காத அழற்சியும் இதன் பின்னால் இருக்கலாம் என்பதால், தொற்று இல்லை என்று தெளிவானதும் ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின், பிளாஸ்மா மாற்றம் ஆகியவற்றைத் தாமதிக்காமல் தொடங்குகிறார்கள். அதற்கும் மசியாவிட்டால் அனகின்ரா, டோசிலிசுமாப் போன்ற அழற்சித் தடுப்பு மருந்துகள். கொழுப்பு மிகுந்து மாவுச்சத்து அறவே குறைந்த கீட்டோஜெனிக் உணவைக் குழாய் வழியாகக் கொடுப்பதும் இந்தக் குழந்தைகள் சிலருக்கு ஆச்சரியமாகப் பலன் தந்திருக்கிறது.

இனி வீட்டார் ஐ.சி.யூ. வாசலில் கேட்கும் கேள்வி: பிழைப்பாரா, பழையபடி ஆவாரா? அடங்காத தொடர் வலிப்பில் மருத்துவமனையிலேயே இறப்பவர்கள் 16 முதல் 39 சதவீதம் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. மிகக் கடுமையான நிலையில், 2012-ல் மோனிகா ஃபெர்லிசியும் சைமன் ஷோர்வனும் அதுவரை வெளியான குறிப்புகளைத் திரட்டியபோது முடிவு தெரிந்த 596 பேரில் 35 சதவீதம் இறந்திருந்தார்கள். அதே 35 சதவீதம் பேர் பழைய நிலைக்குத் திரும்பியிருந்தார்கள். நல்லபடியாக முடிந்த நோயாளிகளைப் பற்றித்தான் மருத்துவர்கள் அதிகம் எழுதுவார்கள் என்பதால் இந்த இரண்டாவது எண்ணைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ள வேண்டும். குறைத்தாலும் அது பூஜ்யம் ஆகிவிடாது. வாரக்கணக்கில் கோமாவில் இருந்து எழுந்து நடந்தவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள்.

யார் எந்தப் பக்கம் போவார்கள் என்பதை எத்தனை நாள் ஓடியது என்பதைவிட எதனால் வந்தது என்பதுதான் அதிகம் தீர்மானிக்கிறது. ரொசெட்டி குழு உருவாக்கிய ஒரு மதிப்பெண் முறையில் வயது 65-ஐத் தாண்டியிருப்பது, நினைவு எவ்வளவு மங்கியிருக்கிறது, எந்த வகை வலிப்பு, முன்பு வலிப்பு இருந்ததா என்ற நான்கைப் பார்ப்பார்கள். ஏற்கெனவே வலிப்பு இருப்பது இதில் நல்ல அறிகுறி. ஏனென்றால் அவர்களில் பலருக்குத் தொடர் வலிப்பு வருவது மாத்திரையை நிறுத்தியதால்தான். மருந்து திரும்பப் போனால் நெருப்பு அணைந்துவிடும். மறுகோடியில், இதயம் நின்று மீட்கப்பட்டவருக்கு மூளை ஆக்சிஜன் இழந்து வரும் வலிப்பு. அங்கே வலிப்பு என்பது ஏற்கெனவே நடந்துவிட்ட சேதத்தின் வெளிப்பாடு, அதை நிறுத்தினாலும் மீள்பவர்கள் குறைவு. காய்ச்சலுக்குப் பின் குழந்தைகளுக்கு வரும் வகையில் பத்தில் ஒருவர் அளவில் இறக்கிறார்கள். பிழைப்பவர்களில் பெரும்பாலானோருக்கு அடங்காத வலிப்பு நோயும் கற்றல் குறைபாடும் தங்கிவிடுகின்றன.

இவற்றுக்கு நடுவில் வருவது, 2007-ல் ஜோசப் டால்மாவ் குழு விவரித்த, உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளே மூளையைத் தாக்கும் ஒரு வகை மூளை அழற்சி. இளம்பெண்களிடம் அதிகம். சிலருக்குக் கருப்பையருகே சினைப்பையில் இருக்கும் ஒரு கட்டிதான் மூலம். பேய் பிடித்ததுபோன்ற நடத்தை மாற்றத்தில் தொடங்கி, வலிப்பு, ஐ.சி.யூ. என்று போகும். பார்க்கவே பயமாக இருக்கும் இந்த நோயில், 577 பேரைப் பின்தொடர்ந்து 2013-ல் வெளியான ஆய்வில் இரண்டு ஆண்டு முடிவில் சுமார் 80 சதவீதம் பேர் நன்றாக இருந்தார்கள். முன்னேற்றம் மாதக்கணக்கில் மெல்ல வந்தது. மூன்றாம் வாரத்தில் சிகிச்சையை விடுவதா என்று பேசத் தொடங்கும் குடும்பமும் மருத்துவரும் காரணம் இன்னும் தெரியாத நிலையில் இருந்தால், அவசரப்படக் கூடாது என்பதற்கு இந்த எண் ஒரு வலுவான வாதம். மூளை ஸ்கேனில் பரவலான, மீளாத சேதம் தெரிந்துவிட்டால் பேச்சு வேறு.

வீடு திரும்பியவர்களுக்கும் கதை முடிவதில்லை. மூளைத் தொற்று, பக்கவாதம் போன்ற திடீர்க் காரணத்தால் தொடர் வலிப்பு வந்தவர்களில் அடுத்த 10 ஆண்டுக்குள் தூண்டுதல் இல்லாமல் மறுபடி வலிப்பு வந்தவர்கள் 41 சதவீதம். அதே காரணங்களால் சிறிய வலிப்பு மட்டும் வந்தவர்களில் அது 13 சதவீதம். அமெரிக்காவின் ரோசெஸ்டரில் 1998-ல் வந்த கணக்கு இது. மறதி, சோர்வு, எரிச்சல், நீண்ட ஐ.சி.யூ. வாசத்தால் வரும் கைகால் பலவீனம் எல்லாம் மாதங்கள் நீடிக்கும், பிசியோதெரபி தேவைப்படும். மருத்துவமனையிலிருந்து கிளம்பும்போது எழுதித்தரும் சீட்டில் மூன்று நான்கு வலிப்பு மருந்துகள் இருப்பது வழக்கம். அவற்றில் எவை நிரந்தரம், எவை ஐ.சி.யூ. அவசரத்தில் சேர்ந்தவை, எவற்றை எப்போது குறைக்கலாம் என்று முதல் மறுபார்வையிலேயே நரம்பியல் மருத்துவரிடம் கேட்க வேண்டும். தானாக ஒரு மாத்திரையையும் நிறுத்தக் கூடாது. மூக்கு ஸ்பிரேயைப் பற்றியும் அன்றைக்கே பேசி, வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரும் அதை எப்படி அடிப்பது என்று செய்துபார்த்துவிட்டுக் கிளம்பலாம்.